ஃப்ராக்டூர் முதல் ஹெல்வெட்டிகா வரை: நவீன அச்சு வடிவமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசைன் படிக்கிறவர்கள், அச்சுத் தொழிலில் இருப்பவர்கள், சும்மா ஆர்வத்தில் கேட்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1920-களில் ஐரோப்பாவில் நடந்தது அடிப்படையில் வாசகரைப் பற்றிய ஒரு சண்டை. அச்சடித்த தாளைக் கையில் எடுப்பவரின் கண்ணுக்கும் நேரத்துக்கும் என்ன மதிப்பு கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. வெள்ளை இடம், சிவப்புக் கோடு, ஹெல்வெட்டிகா என்ற அச்செழுத்து எல்லாம் அந்தச் சண்டையிலிருந்து மிஞ்சி வந்தவை. இன்று நாம் மிஞ்சியதை மட்டும் பார்த்து, அதையே முழுக்கதை என்று நினைத்துக்கொள்கிறோம். அது எனக்கு ரொம்பநாள் வருத்தம்.

இதெல்லாம் எப்போது, ஏன் தொடங்கியது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி அச்சு இயந்திரம் வந்ததும் அச்சு வேலை பல மடங்கு பெருகியது. மருந்து விளம்பரம், நாடக நோட்டீஸ், ரயில் அட்டவணை, விலைப்பட்டியல் என்று எதையெடுத்தாலும் அச்சு. ஒரு நோட்டீஸில் பத்து வரி இருந்தால் பத்துக்கும் வெவ்வேறு எழுத்து, சுற்றிலும் பூவேலை, எல்லா வரியும் நடுவில். புத்தகப் பக்கங்கள் மட்டும் பழைய மரபில் ஒழுங்காக இருந்தன. அந்த மரபையே விளம்பரத்துக்கும் கடிதத்தாளுக்கும் இழுத்துப் போர்த்தியதில்தான் குழப்பம்.

முதலில் உடைத்தவர்கள் கவிஞர்கள். இத்தாலியில் மரினெட்டி 1914-இல் வெளியிட்ட 'ஸாங் டும்ப் டும்ப்' நூலில் போர்க்களத்தின் சத்தத்தையே எழுத்தின் அளவாலும் சாய்வாலும் காட்டினார். அதில் ஆவேசம் இருந்தது, ஒழுங்கு இல்லை. ஒழுங்கைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ரஷ்யாவின் எல் லிசிட்ஸ்கி. மாயகோவ்ஸ்கியின் 13 கவிதைகளை 1923-இல் பெர்லினில் ஒரு சிறு புத்தகமாக அவர் வடிவமைத்தார். மேடையில் உரக்க வாசிப்பதற்கான புத்தகம் அது. அதனால் பக்க ஓரத்தைப் படிப்படியாக வெட்டி, டெலிபோன் டைரியில் இருப்பதுபோல ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு குறி வைத்தார். வாசிப்பவர் கட்டைவிரலை வைத்தால் வேண்டிய கவிதை திறந்துகொள்ளும். படங்கள்போலத் தெரிவதெல்லாம் அச்சகத்தின் எழுத்துப் பெட்டியில் கிடந்த கோடுகளையும் எழுத்துகளையும் அடுக்கியே செய்தவை. நூறு வருடம் கழித்துப் பார்த்தாலும் இதில் இருக்கும் அக்கறை தெரிகிறது: இந்தப் புத்தகத்தை யார், எந்த நிலையில், எப்படிப் பிடித்திருப்பார் என்று யோசித்திருக்கிறார்.

பவுஹவுஸ்தான் எல்லாவற்றையும் தொடங்கிவைத்ததா?

இல்லை. இந்தத் தப்பான எண்ணம் அருங்காட்சியகங்களும் பாடப்புத்தகங்களும் கொடுத்தது. வால்டர் குரோபியஸ் 1919-இல் ஜெர்மனியின் வைமாரில் பவுஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கியபோது அங்கே அச்சுக்கூடம் என்று இருந்தது கலைப்படங்களைப் பிரதியெடுக்கும் இடம்தான். ஹங்கேரியக் கலைஞர் மொஹோலி-நாஜ் 1923-இல் ஆசிரியராக வந்த பிறகுதான் அச்சு வடிவமைப்பு அங்கே சூடுபிடித்தது. அதற்குள் ஹாலந்தில் தியோ வான் டூஸ்பர்க் 1917-இல் தொடங்கிய 'டி ஸ்டைல்' பத்திரிகை ஆறு வயதைத் தொட்டிருந்தது, ரஷ்யாவில் லிசிட்ஸ்கியும் ரோட்சென்கோவும் முழுவேகத்தில் இருந்தார்கள். 1925-இல் பள்ளி டெஸ்ஸாவ் நகருக்கு மாறியபோது ஹெர்பர்ட் பாயர் பொறுப்பில் முறையான அச்சுப் பட்டறை வந்தது, 1933-இல் பெர்லினில் பள்ளியே மூடப்பட்டது. பவுஹவுஸ் பெரிய சந்திப்பு. எல்லாரும் அந்த வழியாகப் போனார்கள், ஆனால் எல்லாரும் அங்கிருந்து புறப்பட்டவர்கள் அல்ல.

பாயரைப் பற்றி ஒரு விவரம் சொல்லத்தான் வேண்டும். 1923-இல் ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடியபோது துரிங்கியா மாநில வங்கிக்கு அவசர நோட்டுகளை வடிவமைத்தவர் அவர். பத்து லட்சம், இருபது லட்சம் மார்க் நோட்டுகள். பூவேலை கிடையாது, உருவப்படம் கிடையாது, வெறும் எழுத்தும் எண்ணும். ஒரு மாணவரின் முதல் பெரிய வேலை இப்படிப்பட்ட தாளாக இருந்தால், அலங்காரத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை போனதில் ஆச்சரியமில்லை.

யான் சிக்கோல்ட் என்ற பெயர் எங்கே பார்த்தாலும் வருகிறதே, யார் அவர்?

இந்தக் கதைக்கு ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இவரைத்தான் சொல்வேன். 1902-இல் லைப்சிக்கில் பிறந்தவர். அப்பா விளம்பரப் பலகை எழுதுபவர். அதனால் தூரிகையும் எழுத்தும் சின்ன வயதிலிருந்தே கையோடு வந்தன. ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் நிறைந்த அந்த இயக்கத்தில், எழுத்தையே தொழிலாக முறைப்படி படித்து வந்தவர் இவர். பழைய கையெழுத்து மரபில் ஊறிய இளைஞர், 21 வயதில், 1923-இல் வைமாரில் நடந்த பவுஹவுஸ் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் தலைகீழாக மாறினார். ரஷ்யப் புரட்சியின் மேல் இருந்த ஈர்ப்பில் கொஞ்ச காலம் தன் பெயரையே இவான் என்று மாற்றிக்கொண்டார்.

1925-இல் அச்சுத் தொழிலாளர்களின் கல்விச் சங்கம் நடத்திய பத்திரிகையில் ஒரு சிறப்பிதழை அவர் தொகுத்தார். பெயர் 'எலெமென்டாரே டிபோகிராஃபி'. இது எந்தப் பத்திரிகையில் வந்தது என்பதைக் கவனியுங்கள். கலை ரசிகர்கள் வாங்கும் பத்திரிகை இல்லை. காலையில் அச்சகத்துக்குப் போய் ஈய எழுத்தைக் கையில் எடுத்துக் கோக்கிற ஆட்களுக்கு வீடு தேடி வந்த பத்திரிகை. லிசிட்ஸ்கியும் மொஹோலி-நாஜும் யார் என்று ஜெர்மானிய அச்சுக்கோப்பாளர்களில் பலர் தெரிந்துகொண்டது இப்படித்தான். பலருக்குக் கோபம் வந்தது, சிலர் அடுத்த வாரமே முயற்சி செய்து பார்த்தார்கள்.

1928-இல் 'டி நொய்யே டிபோகிராஃபி', அதாவது புதிய அச்சுக்கலை, புத்தகமாக வந்தது. கறுப்புத் துணி அட்டை, ஏ5 அளவு, பட்டறையில் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கிற மாதிரி. கொள்கை ஒரு பாதி, மீதி முழுக்க நடைமுறை: கடிதத்தாள் எப்படி, விசிட்டிங் கார்டு எப்படி, போஸ்டர் எப்படி, புகைப்படத்தை எழுத்தோடு எப்படிச் சேர்ப்பது. இதே காலத்தில் மியூனிக்கின் ஃபீபஸ் பாலஸ்ட் திரையரங்குக்கு அவர் செய்த சினிமா போஸ்டர்களைத் தேடிப் பாருங்கள். 1927-ஆம் வருடப் போஸ்டர், நேற்று ஒட்டினதுபோல இருக்கும்.

வரிகளை நடுவில் வைத்தால் என்ன தப்பு?

சிக்கோல்டின் வாதம் நேரடியானது. நடுவில் வைக்கும்போது சொற்களின் நீளம்தான் வடிவத்தை முடிவு செய்கிறது. பொருளுக்கும் வடிவத்துக்கும் தொடர்பே இல்லை. அழைப்பிதழில் முக்கியமானது தேதியா, இடமா, பேச்சாளரா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன்படி எழுத்தின் அளவையும் இடத்தையும் கொடுத்தால் வரிகள் தானாகவே சமச்சீராக நிற்காது. அதனால்தான் அவர்களுடைய பக்கங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கின்றன.

இதற்குள் பட்டறை விஷயமும் ஒன்று இருக்கிறது. இன்று நமக்கு வெள்ளை இடம் என்றால் ஒன்றும் இல்லாத இடம். ஈய எழுத்துக் காலத்தில் வெள்ளை இடமும் உலோகம்தான். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு துண்டு ஈயம், பெரிய இடைவெளிக்குக் கட்டை, எல்லாவற்றையும் சட்டத்துக்குள் இறுக்கிப் பூட்டினால்தான் அச்சேறும். ஒரு வரியை நடுவில் நிறுத்த இரண்டு பக்கமும் சமமாகத் துண்டுகளை நிரப்ப வேண்டும். இடப்பக்கம் ஒட்டி வைத்தால் ஒரு பக்கம் மட்டும் நிரப்பினால் போதும். அந்தக் காலத்து வடிவங்களில் நேர்க்கோடும் செங்கோணமும் இவ்வளவு ஆட்சி செய்ததற்கும், கனமான கறுப்புப் பட்டைகள் எங்கும் தென்பட்டதற்கும் பாதிக் காரணம் கொள்கை, பாதிக் காரணம் அச்சகத்து அலமாரி. பித்தளைக் கோடுகள் அங்கே ஏற்கெனவே இருந்தன, அவ்வளவுதான்.

சான்ஸ் செரிஃப் எழுத்தைக் கண்டுபிடித்தது இவர்கள்தானா?

இல்லவே இல்லை. முனைகளில் சின்னக் கால் இல்லாத லத்தீன் அச்செழுத்து 1816-இலேயே லண்டனில் வில்லியம் காஸ்லான் எழுத்து வார்ப்பகத்தின் மாதிரிப் புத்தகத்தில் வந்துவிட்டது, பெரிய எழுத்துகள் மட்டும். 1898-இல் பெர்லினின் பெர்ட்ஹோல்ட் வார்ப்பகம் அக்சிடென்ஸ் கிரோடெஸ்க் எழுத்தை விற்க ஆரம்பித்தது. இவை சில்லறை வேலைக்கான எழுத்து: டிக்கெட், பில், விளம்பரம். யார் வடிவமைத்தார் என்று யாரும் பெரிதாகக் கேட்காத எழுத்து. புதிய அச்சுக்கலைக்காரர்கள் அந்தக் கூலிக்கார எழுத்தை எடுத்து முன்னால் நிறுத்தி, நம் காலத்தின் எழுத்து இதுதான் என்றார்கள்.

ஜெர்மனியில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் புரிந்துகொள்ள ஃப்ராக்டூரை நினைவில் வைக்க வேண்டும். கோணல்மாணலாக உடைந்த கோடுகளுடைய அந்த எழுத்தில்தான் இருபதாம் நூற்றாண்டிலும் ஜெர்மன் மொழிப் புத்தகங்களும் பத்திரிகைகளும் பெருமளவில் வந்துகொண்டிருந்தன. அதைத் தேசிய அடையாளமாகக் கொண்டாடிய கூட்டம் ஒருபக்கம், ரோமன் எழுத்துக்கு மாறச் சொன்ன கூட்டம் மறுபக்கம், 1911-இல் நாடாளுமன்றம் வரை போன வழக்கு அது.

பெரிய எழுத்தே வேண்டாம் என்று சொன்னார்களாமே?

ஆமாம், நிஜமாகவே. 1925-இல் பவுஹவுஸ் கடிதத்தாளின் அடியில், நாங்கள் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதுகிறோம், நேரம் மிச்சமாகிறது என்ற பொருளில் ஒரு அறிவிப்பை பாயர் போட்டார். ஆங்கிலத்தில் இப்படிச் செய்தால் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியும். ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும், ஆகவே அங்கே இது பள்ளி இலக்கணத்தையே தூக்கிப்போடுகிற காரியம். தட்டச்சு செய்பவருக்கு வேலை குறையும், அச்சகத்தில் பாதி எழுத்துப் பெட்டி போதும், குழந்தைகளுக்கு ஒரே வரிசை படித்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. வட்டமும் கோடும் மட்டும் கொண்ட ஒரு 'யுனிவர்சல்' எழுத்தையும் பாயர் வரைந்தார், அது அப்போது ஈயத்தில் வார்க்கப்பட்டு விற்பனைக்கு வரவில்லை. மொழி பேசும் மக்கள் கேட்கவில்லை, விஷயம் அதோடு முடிந்தது. தமிழில் எழுதும் நமக்கு இந்தச் சண்டை கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும், நம்மிடம் பெரிய எழுத்தே கிடையாது.

ஃபூச்சுரா எழுத்து காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைந்ததா?

அப்படித் தோன்றும். பால் ரென்னர் வரைந்து, ஃபிராங்க்ஃபர்ட்டின் பாவர் வார்ப்பகம் 1927-இல் வெளியிட்டது. ஆரம்ப வரைபடங்களில் வட்டம், முக்கோணம், புள்ளி என்று விசித்திரமான சிறிய எழுத்துகள் இருந்தன. ரென்னர் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினார். வட்டம் தண்டோடு சேரும் இடத்தில் கோட்டை லேசாக மெலிய விட்டிருப்பார், இல்லாவிட்டால் அந்த இடம் கறுப்பாக அடைத்துப்போகும். பெரிய எழுத்துகளின் அகலம் பழைய ரோமானியக் கல்வெட்டிலிருந்து வருகிறது. கணிதம் மாதிரி தெரிய வேண்டுமானால் கணிதத்தைக் கண்ணுக்காக விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாயரின் எழுத்து ஏட்டில் நின்றுபோனதற்கும் ஃபூச்சுரா நிலவுக்குப் போனதற்கும் இதுதான் வித்தியாசம். நிஜமாகவே போனது: அப்பல்லோ 11 வீரர்கள் 1969-இல் நிலவில் விட்டுவந்த உலோகத் தகட்டில் இருப்பது ஃபூச்சுராதான்.

ஏ4 தாளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் நெருங்கிய தொடர்பு. 1922-இல் ஜெர்மனியின் தரநிலை அமைப்பு டின் 476 என்ற தாள் அளவு வரிசையை வெளியிட்டது. பின்னால் இருந்தவர் வால்டர் போர்ஸ்ட்மன். அகலத்துக்கும் நீளத்துக்கும் 1-க்கு ரூட் 2 என்ற விகிதம் இருந்தால், தாளைப் பாதியாக மடித்தாலும் விகிதம் மாறாது. ஏ0 ஒரு சதுர மீட்டர், அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4, 210 × 297 மில்லிமீட்டர். சிக்கோல்டுக்கு இதில் பெரிய சந்தோஷம், புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதினார். கடிதத்தாள், உறை, கோப்பு, அலமாரி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், அச்சகத்தில் தாள் வீணாகாது, மேஜையில் காகிதம் தேட வேண்டாம். இந்த இயக்கம் விட்டுச்சென்றதில் அதிகம் பேர் கையில் தினமும் புழங்குவது ஹெல்வெட்டிகா கூட இல்லை, இந்தத் தாள் அளவுதான் என்று நினைக்கிறேன்.

படக்குறிகளை யார் கொண்டுவந்தது?

வியன்னாவில் ஓட்டோ நியூராத் என்ற தத்துவவாதி, சமூக அறிவியலாளர். 1925-இல் அங்கே ஒரு சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் வேலை முடிந்து வந்து வீட்டுவசதி, காசநோய், வேலையின்மை பற்றிய எண்களைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். அவருடைய விதி ஒன்று மிக முக்கியம்: அளவு கூடினால் படத்தைப் பெரிதாக்காதே, அதே படத்தைத் திரும்பத் திரும்பப் போடு. ஒரு மனித உருவத்தை இரண்டு மடங்கு உயரமாக வரைந்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும், பார்ப்பவர் ஏமாறுவார். ஒரு உருவம் பத்தாயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து உருவம் ஐம்பதாயிரம், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைய செய்தி கிராஃபிக்குகளில் இந்த விதியை மீறுவதைத் தினமும் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை.

உருவங்களைச் செதுக்கியவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ், சுமார் 4,000 குறிகள். எண்களுக்கும் படத்துக்கும் இடையில் நின்று எதை எப்படிக் காட்டுவது என்று முடிவெடுத்தவர் மரி ரைடமைஸ்டர், பிற்பாடு மரி நியூராத். 1934-இல் ஆஸ்திரியாவில் அரசியல் மாறியதும் ஹாலந்துக்கு ஓடினார்கள், அங்கேதான் இந்தப் படக்குறி முறைக்கு ஐசோடைப் என்ற பெயர் நிலைத்தது. 1940-இல் ஜெர்மனி உள்ளே வந்ததும் ஓட்டோவும் மரியும் படகேறி இங்கிலாந்து. 1945-இல் ஓட்டோ இறந்த பிறகும் மரி வேலையை நிறுத்தவில்லை, குழந்தைகளுக்கான அறிவியல் புத்தகங்கள் ஏராளமாகச் செய்தார்.

நாஜிகள் இதையெல்லாம் தடை செய்துவிட்டு ஃப்ராக்டூரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், சரிதானே?

பாதி சரி. 1933-இல் பவுஹவுஸ் போனது, ரென்னர் மியூனிக் அச்சுப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், அங்கே பாடம் நடத்திய சிக்கோல்ட் மார்ச் மாதம் கைதாகிச் சில வாரம் சிறையில் இருந்துவிட்டு குடும்பத்தோடு ஸ்விட்சர்லாந்தின் பாசெலுக்குப் போனார். ஃப்ராக்டூர் பாணி எழுத்துகளுக்குத் திடீர் மவுசு வந்தது. ஆனால் 1941 ஜனவரி 3 அன்று நாஜிக் கட்சியின் மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட சுற்றறிக்கை அதே எழுத்தை யூத எழுத்து என்று பொய்யாகச் சொல்லி விலக்கியது. அந்தச் சுற்றறிக்கைத் தாளின் தலைப்பே பழைய எழுத்தில்தான் அச்சாகியிருந்தது. ஜெர்மனி போரில் பிடித்த நாடுகளில் பலருக்கும் ஃப்ராக்டூர் படிக்க வரவில்லை என்பது நடைமுறைக் காரணம்.

மறுபக்கமும் சுத்தமில்லை. ஃபூச்சுரா அந்த ஆட்சியிலும் புழங்கியது. பாயர் 1936-இல் பெர்லினில் நடந்த அரசுக் கண்காட்சிக்குப் பிரசுரம் செய்து கொடுத்தார், 1938-இல்தான் அமெரிக்கா போனார். எழுத்து வடிவத்தை வைத்து ஒருவரின் அரசியலைச் சொல்லிவிட முடியாது.

சிக்கோல்ட் பிறகு கட்சி மாறிவிட்டார் என்கிறார்களே?

மாறினார், வெளிப்படையாக. பாசெலில் புத்தக வடிவமைப்பு அதிகமாகக் கிடைத்தது. நாவலையும் கவிதையையும் தொடர்ந்து வடிவமைக்க வடிவமைக்க, முன்னூறு பக்கம் உட்கார்ந்து படிப்பவருக்கு நடுவில் வைத்த தலைப்பும் செரிஃப் எழுத்தும் நல்ல மார்ஜினும்தான் இதமாக இருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். 1946-இல் ஸ்விஸ் கலைஞர் மாக்ஸ் பில் அவரைத் துரோகி என்கிற அளவுக்குத் தாக்கி எழுதினார். அதே பத்திரிகையில் சிக்கோல்ட் பதில் கொடுத்தார். புதிய அச்சுக்கலையின் விட்டுக்கொடுக்காத பிடிவாதத்துக்கும், எதையும் முழுக்க ஒரே ஒழுங்குக்குள் அடைக்கும் அந்தக் கால ஜெர்மானிய அதிகார மனப்பான்மைக்கும் உறவு உண்டு என்பது அவர் கருத்தின் சாரம். சிறைக்குப் போய் வந்தவர் சொன்னது என்பதால் அதற்குக் கனம் கூடுதல். பில்லின் பக்கமும் நியாயம் உண்டு, போர் முடிந்த கையோடு எல்லாரும் பழைய அலங்காரத்துக்குத் திரும்பிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

1947-இல் பெங்குவின் நிறுவனத்துக்காக லண்டன் போனார், 1949 கடைசி வரை இருந்தார். அந்தக் கொஞ்ச காலத்தில் 500-க்கும் மேற்பட்ட புத்தகங்கள். அச்சகங்களுக்கு நான்கே பக்கத்தில் ஒரு விதித் தொகுப்பு எழுதினார்: சொற்களுக்கு நடுவே இடைவெளியைக் குறை, முற்றுப்புள்ளிக்குப் பிறகு கூடுதல் இடம் விடாதே, பெரிய எழுத்துகளைக் கண்ணால் பார்த்துச் சீராகத் தள்ளி வை. மலிவு விலைப் புத்தகம்தான், ஆனாலும் ரயிலில் உட்கார்ந்து படிப்பவருக்கு அரைகுறையான பக்கம் போகக்கூடாது என்று ஒவ்வொரு புரூஃபையும் திருத்தித் திருப்பி அனுப்பினார். என் கணக்கில் அவர் மாறவே இல்லை. 1928-இல் அவர் மனதில் இருந்த வாசகர் நோட்டீஸைப் பார்க்க இரண்டு நொடி வைத்திருப்பவர், 1948-இல் இருந்தவர் புத்தகத்தோடு இரண்டு இரவு இருப்பவர். இரண்டு பேருக்கும் ஒரே பக்கத்தைக் கொடுக்க முடியாது.

பிறகு ஏன் ஸ்விட்சர்லாந்து? கிரிட் என்றால் என்ன?

போரில் அழியாத நாடு, நல்ல அச்சகங்கள், சூரிக்கில் எர்ன்ஸ்ட் கெல்லர் 1918 முதல் நடத்திய வகுப்பு, பாசெலில் எமில் ரூடரும் ஆர்மின் ஹோஃப்மனும், வேலை கொடுக்க கைகி போன்ற மருந்து நிறுவனங்கள். போஸ்டருக்கு 90.5 × 128 சென்டிமீட்டர் என்று நாடு முழுக்க ஒரே அளவு. அப்புறம் மொழி. ஒரே செய்தியை ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றிலும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டிய நாடு அது. எந்த மொழியையும் தாழ்த்தாமல் போட வேண்டுமென்றால் பத்திகளை முன்கூட்டியே அளந்து பிரித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கிரிட் அதுதான். பக்கத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் சம கட்டங்களாகப் பிரித்து, எழுத்தும் படமும் அந்தக் கட்டங்களின் ஓரத்திலேயே தொடங்கி முடியும்படி வைப்பது. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சட்டம் இருந்தால் இருநூறு பக்க கேட்டலாகை நான்கு பேர் பிரித்துச் செய்தாலும் ஒரே கை செய்ததுபோல இருக்கும், தேடுபவருக்கு விலை எங்கே இருக்கும் படம் எங்கே இருக்கும் என்று மூன்றாம் பக்கத்திலேயே பழகிவிடும். யோசெஃப் முல்லர்-ப்ரோக்மன் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். சூரிக் டோன்ஹாலே அரங்குக்கு 1955-இல் அவர் செய்த பீத்தோவன் போஸ்டர் வெறும் வளைந்த கறுப்புப் பட்டைகள், அவற்றின் அகலம் ஒன்றுக்கொன்று கணக்காகக் கூடிக்கொண்டே போகும், இசை சுழல்வதுபோல இருக்கும். 1958-இல் அவரும் மூன்று நண்பர்களும் மும்மொழியில் தொடங்கிய 'நொய்யே கிராஃபிக்' பத்திரிகை இந்தப் பாணியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

ஹெல்வெட்டிகா ஏன் இவ்வளவு புகழ்?

பாசெலுக்குப் பக்கத்து மியூன்ஷென்ஸ்டைனில் ஹாஸ் வார்ப்பகத்தின் தலைவர் எட்வர்ட் ஹோஃப்மன், அக்சிடென்ஸ் கிரோடெஸ்குக்குப் போட்டியாக ஒன்று வேண்டும் என்று மாக்ஸ் மீடிங்கரிடம் வரையச் சொன்னார். 1957-இல் நொய்யே ஹாஸ் கிரோடெஸ்க் என்று வெளிவந்தது, 1960-இல் பெயர் ஹெல்வெட்டிகா ஆனது. அதே 1957-இல் பாரிசில் ஏட்ரியன் ஃப்ரூடிகரின் யூனிவர்ஸும் வந்தது: 21 வகைகள், ஒவ்வொன்றுக்கும் எண், ஒரே குடும்பமாக முதலிலேயே திட்டமிட்டது. யோசனையின் தரத்தில் யூனிவர்ஸ்தான் மேல் என்பது என் கருத்து, நீண்ட பத்தியிலும் அதுதான் நன்றாகப் படிக்கும். ஹெல்வெட்டிகா ஜெயித்ததற்கு விநியோகம் பெரிய காரணம். ஸ்டெம்பெல், லினோடைப் நிறுவனங்கள் வழியாக எல்லா அச்சகத்துக்கும் போனது, 1985-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரிண்டருக்குள்ளேயே இடம்பிடித்தது. முல்லர்-ப்ரோக்மன் கடைசிவரை அக்சிடென்ஸ் கிரோடெஸ்கைத்தான் விரும்பினார்.

அமெரிக்காவுக்குப் போனதும் என்ன ஆனது?

கம்பெனிகளின் முகமாக ஆனது. மொஹோலி-நாஜ் 1937-இல் சிகாகோவில் புதிய பவுஹவுஸ் தொடங்கினார். அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட் 1956-இல் ஐபிஎம்முக்கு எழுத்து லோகோ செய்தார், எட்டுக் கோடு போட்ட இன்றைய வடிவம் 1972. எல்லாம் நேர்த்தி. ஆனால் சிக்கோல்ட் தொழிலாளர் பத்திரிகையில் எழுதியது இங்கே நிறுவனத்தின் கையேடாக மாறியதில் ஏதோ ஒன்று தொலைந்தது என்றே எனக்குப் படுகிறது. யுனிமார்க் நிறுவனத்தின் மாசிமோ விக்னெல்லியும் பாப் நூர்டாவும் நியூயார்க் சுரங்க ரயிலுக்கு 1970-இல் கொடுத்த தரக் கையேடு இதற்கு விதிவிலக்கு, அதில் பயணிதான் மையம். விக்னெல்லி 1972-இல் செய்த வரைபடம் அழகு, ஆனால் நீளமான சென்ட்ரல் பார்க் அதில் சதுரமாக இருந்தது, தண்ணீர் நீலமாக இல்லை. நிலையத்திலிருந்து மேலே ஏறி வருபவருக்குக் குழப்பம். 1979-இல் மாற்றிவிட்டார்கள்.

லண்டன் மெட்ரோ வரைபடம் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது?

ஹாரி பெக் வரைவாளர், மின்சுற்று வரைபடங்கள் போடுபவர். 1931-இல் வரைந்து கொடுத்தார், புரட்சிகரமாக இருக்கிறது என்று முதலில் ஒதுக்கினார்கள், 1933-இல் அச்சிட்டதும் மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மண்ணுக்கு அடியில் இருப்பவருக்கு மேலே எந்தத் தெரு ஓடுகிறது என்பது தேவையில்லை, எங்கே இறங்கி மாறுவது என்பதுதான் வேண்டும். அங்கே எழுத்து அதற்கும் முன்பே தயார்: லண்டன் சுரங்க ரயில் நிர்வாகி ஃபிராங்க் பிக் கேட்டுக்கொண்டபடி எட்வர்ட் ஜான்ஸ்டன் வரைந்த எழுத்து 1916 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

சாலைப் பலகைகளையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும் பிரிட்டனின் சாலைக் குறிகள் முழுவதையும் மாற்றினார்கள், 1965 முதல் நடைமுறை. பள்ளிக் குழந்தைகள் பலகையில் முன்பு பையன் முன்னால் போவான். கால்வர்ட் ஒரு பெண்பிள்ளை சின்னப் பையனைக் கைபிடித்துக் கூட்டிப்போவதாக வரைந்தார், தன்னையே மாதிரியாக வைத்து.

இந்தியாவுக்கு வந்ததா?

1922 டிசம்பரில் கல்கத்தாவில் பவுஹவுஸ் கலைஞர்களின் ஓவியக் கண்காட்சி நடந்தது, க்ளே, கான்டின்ஸ்கி படைப்புகள் வந்தன. அச்சு வடிவமைப்பு வந்தது பிற்பாடு. சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது. ஆர்மின் ஹோஃப்மன் அங்கே வந்து பாடம் நடத்தினார். ஃப்ரூடிகரும் வந்து தேவநாகரியில் வேலை பார்த்தார். அங்கிருந்து ஸ்விட்சர்லாந்து போய்ப் படித்துத் திரும்பியவர்கள் இந்திய எழுத்துகளில் அதைத் தொடர்ந்தார்கள்.

இங்கேதான் இந்த இயக்கத்தின் பலவீனம் தெரிகிறது. உலகத்துக்கே பொது என்று சொல்லிக்கொண்ட எழுத்து லத்தீன் எழுத்து மட்டும்தான். சுழியும் கொக்கியும் மேலும் கீழும் நீளும் உறுப்புகளும் உள்ள நம் எழுத்துக்குக் கோட்டின் தடிமனைச் சமமாக்கி, சுழியை வட்டமாக்கினால் நவீனமாகிவிட்டது என்று நினைப்பது ரென்னர் தவிர்த்த அதே தவறு. வரி இடைவெளியிலிருந்து எல்லாவற்றையும் தமிழ் வாசகரின் கண்ணிலிருந்து புதிதாக அளக்க வேண்டும்.

இந்த இயக்கம் எப்போது முடிந்தது?

வெளியிலிருந்து யாரும் முடிக்கவில்லை. பாசெல் பள்ளியிலேயே 1968 முதல் ஆசிரியராக இருந்த வோல்ஃப்காங் வைன்கார்ட் எழுத்தை இழுத்து, வெட்டி, படலம் மேல் படலமாக ஒட்டி விதிகளை உடைத்தார். அவரிடம் படித்த ஏப்ரல் கிரைமன் அதைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். 1984-இல் மேக்கின்டாஷ் கணினி வந்ததும் சுசானா லிச்கோ அதன் கரடுமுரடான புள்ளிகளையே எழுத்தாக்கினார். கிரிட் மட்டும் ஓயவில்லை, நீங்கள் திறக்கும் இணையப் பக்கங்கள் பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கின்றன.

ஹெல்வெட்டிகாவையும் ஏரியலையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஏரியல் 1982-இல் மோனோடைப் நிறுவனத்தில் ராபின் நிக்கோலஸ், பாட்ரிசியா சாண்டர்ஸ் இருவரும் தலைமையேற்று வரைந்தது, விண்டோஸ் 3.1 வழியாக 1992 முதல் எல்லார் கணினிக்கும் வந்தது. சிறிய 'சி', 'எஸ்' எழுத்துகளின் முனையைப் பாருங்கள்: ஹெல்வெட்டிகாவில் படுக்கைவாட்டில் நேராக வெட்டியிருக்கும், ஏரியலில் சாய்வாக. பெரிய 'ஆர்' எழுத்தின் கால் ஹெல்வெட்டிகாவில் வளைந்து நேராக இறங்கும், ஏரியலில் சாய்ந்து நீளும். பெரிய 'ஜி' எழுத்துக்கு ஹெல்வெட்டிகாவில் கீழே சின்ன முள் உண்டு, ஏரியலில் இல்லை. சந்தேகம் வந்தால் முதலில் 'ஆர்' எழுத்தைத் தேடுங்கள்.